ஒரு முறை எழுது. ஆயிரம் முறை நடக்கும்!

திருக்கோவிலூருக்குப் போகிறவர்கள் உலகளந்த பெருமாளைச் சேவிப்பார்கள். கீழையூருக்குப் போய் வீரட்டானேசுவரரைக் கும்பிடுவார்கள். அப்படியே தென்பெண்ணை ஆற்றங்கரைக்கு வந்து, ஆற்றுக்குள்ளே நிற்கும் ஒரு பெரிய பாறையையும் பார்ப்பார்கள். பாறையின் உச்சியில் சின்னஞ்சிறு கோவில் ஒன்று இருக்கும். அதுதான் கபிலர் குன்று!

கபிலர் யார்? பறம்பு மலையை ஆண்ட பாரியின் உயிர் நண்பர். பெரும் புலவர். பாரி மாண்ட பிறகு, அவனுடைய மகளை மலையமானுக்கு மணம் செய்து கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றுப் பாறையில் அவர் தீயில் இறங்கினார் என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கல்வெட்டு கீழையூர் வீரட்டானேசுவரர் கோவிலில் இருக்கிறது. ராஜராஜ சோழன் காலத்தது. ஆயிரம் ஆண்டு பழமையானது.

கோவில் சுவரில் இருந்த அந்தச் செய்தி ஊர் உலகத்துக்கு எப்படித் தெரிந்தது?

கல்வெட்டைப் படி எடுப்பவர்கள் வந்தார்கள். கல்லைத் துடைத்தார்கள். ஈரக் காகிதத்தை அதன்மேல் பரப்பினார்கள். தூரிகையால் தட்டித் தட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் காகிதம் இறங்கும்படி செய்தார்கள். பிறகு மை ஒற்றினார்கள். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்துகள் பளிச்சென்று எழுந்து நின்றன! காகிதம் ஊருக்குப் போனது. கல் இருந்த இடத்திலேயே இருந்தது. "தென்னிந்தியக் கல்வெட்டுகள்" என்ற வரிசையின் 7-ஆம் தொகுதியில் அந்த வாசகம் அச்சேறியது.

மூலத்துக்கு ஒரு கீறலும் விழாமல் நகல் எடுத்தார்கள். இதை மறக்கக் கூடாது. இந்தக் கட்டுரைக்கு அதுதான் உயிர்!

போட்டோ இருக்கிறது, பயன் இல்லை

இன்று மை வேண்டாம், காகிதம் வேண்டாம். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் செல்போன் இருக்கிறது. அதில் காமிரா இருக்கிறது. கோவிலுக்கு வரும் மாணவர்கள் கல்வெட்டைப் பார்த்தால் போட்டோ எடுக்கிறார்கள். நல்ல காரியம்தான்.

ஆனால், பிறகு என்ன நடக்கிறது?

ஒருவர் கோவில் சுவர்களைச் சுற்றி வந்து, அனுமதி பெற்று, 300 போட்டோ எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் பெரிய பெரிய படங்கள். பாதிப் படங்கள் இருட்டு. சில படங்கள் படுத்துக் கிடக்கின்றன. ஒரு படத்துக்கும் சரியான பெயர் இல்லை. காமிரா கொடுத்த நம்பர் மட்டும் இருக்கிறது. எந்தச் சுவர், எந்த வரி என்று ஒன்றும் புரிவதில்லை.

அவற்றைச் சீராக்க வேண்டும். அளவைக் குறைக்க வேண்டும். எழுத்துத் தெரியும்படி வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். பெயர் வைக்க வேண்டும். ஒரு படத்துக்கு இரண்டு நிமிஷம் என்றாலும், 300 படத்துக்கு 600 நிமிஷம். அதாவது, பத்து மணி நேரம்!

யார் உட்கார்ந்து செய்வார்கள்? முதல் இருபது படம் வரை உற்சாகம் இருக்கும். நாற்பதாவது படத்தில் கை வலிக்கும். ஐம்பதாவது படத்தில் "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுந்துவிடுவார்கள். அந்த நாளை வருவதே இல்லை. செல்போன் ஒரு நாள் தண்ணீரில் விழும். படங்களும் அதோடு போகும்.

இதற்கு வழி உண்டா? உண்டு. கம்ப்யூட்டருக்குச் சில வரிகளில் ஒரு கட்டளைச் சீட்டு எழுதத் தெரிந்தால் போதும்!

வெல்ல அச்சு

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு விளைகிற பூமி. வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு அச்சு தெரியும். ஒவ்வோர் உருண்டையையும் கையால் உருட்டிக்கொண்டிருந்தால் பொழுது போதாது. ஒரு முறை அச்சு செய்துவிட்டால், பாகை ஊற்ற ஊற்ற, ஒரே அளவாக வெல்லம் விழுந்துகொண்டே இருக்கும்.

கட்டளைச் சீட்டும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அதை "ஷெல் ஸ்கிரிப்ட்" என்கிறார்கள். ஷெல் என்றால் ஓடு. கம்ப்யூட்டரின் உள் வேலைகளைச் சுற்றி ஓடுபோல இருப்பதால் அந்தப் பெயர். மனிதன் எழுதும் கட்டளையை வாங்கி, உள்ளே சேர்ப்பது அதன் வேலை.

இது எப்படிப் பிறந்தது தெரியுமா? 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் உள்ள எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் வேலை செய்தார். ஒரு கட்டளையை வைத்து இன்னொரு கட்டளையைக் கட்ட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்தார். பல கட்டளைகளை ஒரே கோப்பில் எழுதி, ஒன்றன்பின் ஒன்றாக ஓட வைத்தார். "ஷெல்" என்று பெயர் வைத்தவரும் அவரே. 1971-ல் கென் தாம்சன் யூனிக்ஸ் என்ற அமைப்புக்கு ஒரு ஷெல் எழுதினார். 1989-ல் பிரையன் பாக்ஸ் என்பவர் "பாஷ்" என்ற ஷெல்லை எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

படத்தைத் திருத்துவதற்கு "இமேஜ்மேஜிக்" என்று ஒரு கருவி உண்டு. ஜான் கிறிஸ்டி என்பவர் 1987-ல் எழுதத் தொடங்கினார். 1990-ல் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார். பாஷ், இமேஜ்மேஜிக் இரண்டுக்கும் காலணா செலவு இல்லை!

சீட்டில் என்ன இருக்கும்?

பெரிய வித்தை என்று பயப்பட வேண்டாம். சீட்டில் இருப்பதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"மூலம்" என்ற பெட்டியில் உள்ள படங்களில் ஒன்றை எடு.

அதை நேராக நிமிர்த்து.

அகலத்தை 1,600 புள்ளியாகக் குறை.

வண்ணத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளை ஆக்கு.

எழுத்து எடுப்பாகத் தெரிய, கறுப்பைக் கறுப்பாக்கு, வெள்ளையை வெள்ளையாக்கு.

"கீழையூர், தெற்குச் சுவர்" என்று பெயர் வைத்து, வரிசை எண் போட்டு, "நகல்" என்ற பெட்டியில் வை.

அடுத்த படத்தை எடு. படம் தீரும்வரை நிறுத்தாதே.

அவ்வளவே! "ஒவ்வொன்றுக்கும்" என்பதற்கு "பார்" என்று ஒரு சொல். "செய்" என்பதற்கு "டூ". "முடிந்தது" என்பதற்கு "டன்". மூன்றும் சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்கள். இவற்றுக்கு நடுவே, படத்தைத் திருத்தும் வரி ஒன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளாது!

பத்து மணி நேரத்து வேலை சில நிமிஷங்களில் முடிந்துவிடும். நாளைக்கு இன்னும் 500 படம் வந்தாலும் கவலை இல்லை. சீட்டு தயாராக இருக்கிறது. அதையே இன்னொரு முறை ஓடவிட்டால் போதும்.

ஒரு சொல் பிசகினால்...

இவ்வளவு சக்தி உள்ள கருவியில் ஆபத்தும் இருக்கிறது. மனிதன் ஒரு படத்தில் தவறு செய்தால், ஒரு படம் கெடும். சீட்டில் தவறு செய்தால், முந்நூறு படமும் கெடும். கம்ப்யூட்டர் கேள்வி கேட்காது. சொன்னதைச் செய்துவிடும்!

இமேஜ்மேஜிக்கில் "கன்வெர்ட்" என்று ஒரு கட்டளை இருக்கிறது. புதிய பதிப்பில் அதற்குப் பதில் "மேஜிக்" என்று எழுதுவார்கள். புதுப் பெயரும் புது இடமும் கொடுத்தால், இது பழைய படத்தைத் தொடாது. புதுப் படம் ஒன்றைச் செய்து கொடுக்கும். "மாக்ரிபை" என்று இன்னொரு கட்டளையும் உண்டு. இது வேறு ரகம். வேறு இடம் காட்டாவிட்டால், பழைய படத்தின் மேலேயே எழுதிவிடும். பெரிய படம் சின்னப் படமாகிவிடும். வண்ணப் படம் கறுப்பு வெள்ளை ஆகிவிடும். திரும்பக் கேட்டால் கிடைக்காது. கல்வெட்டைப் படி எடுக்கப் போனவர் கல்லையே உடைத்த கதையாகிவிடும்!

பெயர் வைப்பதிலும் கண்ணி இருக்கிறது. இரண்டு படத்துக்கு ஒரே பெயர் விழுந்தால், பின்னால் வந்தது முன்னால் இருந்ததை விழுங்கிவிடும். சத்தமே வராது. கோப்பின் பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தால், மேற்கோள் குறி போட்டு எழுத வேண்டும். இல்லாவிட்டால், "தெற்குச் சுவர்" என்பதைத் தெற்கு வேறு, சுவர் வேறு என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும்.

ஆகையால், அனுபவசாலிகள் நான்கு பழக்கங்களை வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, மூலப் படங்களை வேறொரு இடத்திலும் வைத்துவிட வேண்டும். பிறகுதான் சீட்டில் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது, செய்யப் போவதை முதலில் சொல்லிக் காட்டும்படி கேட்க வேண்டும். அதற்கு "எக்கோ" என்று ஒரு சொல் உண்டு. அதைப் போட்டால், கம்ப்யூட்டர் வேலையைச் செய்யாது. "இதைச் செய்யப் போகிறேன்" என்று திரையில் எழுதிக் காட்டும்.

மூன்றாவது, முந்நூறையும் கொடுப்பதற்கு முன் மூன்று படத்தை மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்!

நான்காவது, வேலை முடிந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளே போனது 300 என்றால், வெளியே வந்ததும் 300 இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எங்கேயோ பிசகு என்று அர்த்தம்.

புத்தகங்களைக் காப்பாற்றிய நிரல்

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தமிழுக்கு ஏற்கனவே கறிக்கு உதவியிருக்கிறது.

தமிழ்நாடு அரசாங்கம் பல தமிழ் எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. அப்படிப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட புத்தகங்களின் படங்கள், தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் உதவியால் "விக்கிமூலம்" என்ற இணைய நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. ஆனால், அவை பக்கங்களின் படங்கள்தான், எழுத்துகள் அல்ல. படத்துக்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. லட்சக்கணக்கான பக்கங்களை யார் உட்கார்ந்து தட்டுவது?

த. சீனிவாசன் என்பவர், கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பரப்பி வருபவர். "கணியம்" இதழை நடத்தியவர். 2015-ல் அவர் ஒரு நிரல் எழுதினார். பைத்தான் என்ற மொழியில் எழுதினார். மொழிதான் வேறு, தத்துவம் ஒன்றே. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரி. ஒவ்வொரு பக்கத்தையும் கூகிளின் எழுத்துணரும் கருவிக்கு அனுப்பு. அது படித்துச் சொல்லும் எழுத்தை வாங்கு. விக்கிமூலத்தில் அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் வை. அடுத்த பக்கத்தை எடு!

மனிதர்கள் கையால் செய்தால் தலைமுறைகள் ஆகும் வேலை. நிரல் இரவு பகல் பாராமல் செய்தது.

ஆனால், அதோடு வேலை முடிந்ததா? இல்லை. கருவி "ழ"வை "ள" என்று படித்துவிடும். மங்கிய எழுத்தை வேறு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்கத் தமிழ் படித்த கண் வேண்டும். அந்தக் கண்களைத் தந்தவர்கள் தன்னார்வலர்கள். வீட்டில் உட்கார்ந்தபடி, ஒவ்வொரு பக்கமாகத் திருத்தினார்கள். இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கைவேலை இயந்திரத்துக்கு, கண்வேலை மனிதனுக்கு. இதுதான் சரியான பங்கீடு!

"இதெல்லாம் எதற்கு?"

சிலர் கேட்பார்கள்: "செல்போனில் ஆயிரம் செயலிகள் இருக்கின்றனவே! தொட்டால் போதும், படம் அழகாகிறதே! பிள்ளைகள் எதற்காகக் கட்டளை எழுதிக் கஷ்டப்பட வேண்டும்?"

கல்யாணப் போட்டோ நாலை அழகாக்கச் செயலி போதும். முந்நூறு கல்வெட்டுப் படத்துக்குச் செயலி போதாது. மேலும், செயலி செய்ததை இன்னொருவர் சரிபார்க்க முடியாது. கட்டளைச் சீட்டில் ஒவ்வொரு திருத்தமும் எழுத்தில் இருக்கிறது. "இந்தப் படத்தில் என்னென்ன மாற்றினீர்கள்?" என்று ஆராய்ச்சியாளர் கேட்டால், சீட்டை எடுத்து நீட்டலாம்.

இன்னும் சிலர் சொல்வார்கள்: "செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால், அதுவே சீட்டை எழுதிக் கொடுத்துவிடும்."

எழுதிக் கொடுக்கும். மெய்தான். ஆனால், அதில் "கன்வெர்ட்" இருக்கிறதா, "மாக்ரிபை" இருக்கிறதா என்று பார்ப்பவர் யார்? படிக்கத் தெரியாதவர் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. படிக்கத் தெரியாத கட்டளைக்குச் சம்மதம் கொடுப்பதும் கைநாட்டுதான்! சீட்டை யார் எழுதினாலும் சரி. அதைப் படித்துப் பார்க்கும் அறிவு பிள்ளைக்கு வேண்டும்.

பள்ளிக்கூடம் செய்யலாம்

தமிழ்நாட்டில் பிளஸ் 1 கணினிப் பாடத்தில் லினக்ஸ் அறிமுகம் இருக்கிறது. பிளஸ் 2-வில் பைத்தான் சொல்லித் தருகிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால், பயிற்சிக் கணக்கு என்ன? இரண்டு எண்ணைக் கூட்டு. ஒற்றைப்படை எண்ணைக் கண்டுபிடி. மாணவன் எழுதுகிறான்; மார்க் வாங்குகிறான்; மறந்துவிடுகிறான்.

அதற்குப் பதில், ஊர்க் கோவில் கல்வெட்டைக் கொடுத்துப் பாருங்கள்! "இந்த நூறு படத்தையும் சீராக்கிப் பெயர் வைத்துக் கொண்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். கணக்கும் வரும், சரித்திரமும் வரும், ஊர்ப் பற்றும் வரும்.

ஊர்க் கல்வெட்டை லேசாக நினைக்கக் கூடாது. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊர் இருக்கிறது. அங்கே குன்றில் ஒரு சின்னக் கல்வெட்டு, 1981-ல் வெளிச்சத்துக்கு வந்தது. பழைய தமிழி எழுத்து. அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் அதில் இருந்தது. அசோகன் தன் கல்வெட்டுகளில் "சத்தியபுத்திரர்" என்று குறித்தது யாரை என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அது அதியமான் மரபுதான் என்பதற்கு இந்தச் சின்னக் கல்வெட்டு சான்று கொடுத்தது. ஒரு சில சொற்கள். ஒரு பெரிய வழக்குக்குத் தீர்ப்பு!

அப்படிப்பட்ட எழுத்துகள் வெயிலில் தேய்கின்றன. சுண்ணாம்புக்கு அடியில் மறைகின்றன. திருப்பணி என்று சொல்லி மணல் வீசிச் சுத்தம் செய்ததால் பல ஊர்களில் எழுத்துகள் மழுங்கிப் போயின. கல் போன பிறகு அழுது பயன் இல்லை. இருக்கும்போதே நல்ல படமாக எடுத்து, ஒழுங்காகப் பெயர் வைத்து, இரண்டு மூன்று இடங்களில் பத்திரப்படுத்த வேண்டும்.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லையா? 2019 வரை திருக்கோவிலூர் எந்த மாவட்டத்தில் இருந்ததோ, அந்த விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது. கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக் கொடுக்கிறது. பள்ளிகள் இப்படிப்பட்டவர்களை அழைக்கலாம். தமிழாசிரியர், சரித்திர ஆசிரியர், கணினி ஆசிரியர் மூவரும் ஒரு நாள் ஒன்றாகக் கோவிலுக்குப் போகலாம். செலவு என்ன? பஸ் கட்டணம்தான்!

வீட்டிலும் கல்வெட்டு உண்டு

கோவில் தூரத்தில் இருக்கலாம். வீடு பக்கத்தில்தானே இருக்கிறது?

பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் பழைய ஆல்பம் இருக்கும். தாத்தாவின் கல்யாணப் படம், அத்தையின் வளைகாப்புப் படம், யாரோ ஒருவர் ராணுவ உடுப்பில் நிற்கும் படம். ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன. சில படங்கள் தாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. அவையும் கல்வெட்டுகள்தான்!

கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒரு நாள் விடுமுறையில் அவற்றை எல்லாம் செல்போனில் படம் பிடிக்கலாம். ஒரு சீட்டு எழுதி, எல்லாவற்றையும் ஒரே அளவாக்கி, வெளிச்சம் கூட்டி, வரிசை எண் போட்டு அடுக்கலாம். சாயந்திரக் காப்பி வருவதற்குள் முடிந்துவிடும்.

ஆனால், படத்தில் இடது பக்கம் நிற்கும் பெண் யார்? அந்தக் குழந்தையை யார் மடியில் வைத்திருக்கிறார்கள்? எந்த ஊர்த் திருவிழா அது? எந்தக் கட்டளைச் சீட்டும் இதற்குப் பதில் சொல்லாது. பாட்டிக்குத்தான் தெரியும். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பேத்தி எழுத வேண்டும்.

இயந்திரத்தால் மிச்சமான பத்து மணி நேரம் இதற்குத்தான்!

பாட்டி இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.